மகளின் பெயரை விட்டவர்

பேரின்பநாதன் கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மீதியைக் கேட்ட பிறகு ஒருவரும் நம்பமாட்டார்கள். அறுபத்து மூன்று வயது. கனடாவில், மொன்றியல் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இரண்டாம் மாடியில் குடியிருப்பு. வந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. முதலில் ஒரு கிரேக்கரின் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு உடுப்புத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் துணி வெட்டினார். அதை இழுத்து மூடியதும் காவலாளிச் சீருடையைப் போட்டவர் இன்னும் கழற்றவில்லை. நகர நடுவில் ஒரு மியூசியத்தில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும், பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் கை வைத்தால் தொடக்கூடாது என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். குடி கிடையாது, சூது கிடையாது, மனைவியைக் கைநீட்டி அடித்ததும் கிடையாது.

ஒரே ஒரு வியாதிதான். ஊர் என்ன சொல்லும் என்கிற வியாதி. அவர் ஊரை விட்டு வந்து முப்பத்தாறு வருடம், ஊர் அவரை விட்டபாடில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊரான அளவெட்டியில் இருந்த சனம் முழுக்க இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது. எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது. யாருடைய மகன் என்ன படிக்கிறான், யாருடைய மகள் யாரோடு போனாள் என்பதெல்லாம் மொன்றியலில் நடப்பதற்கு முன்னமே ரொறன்ரோவில் தெரிந்துவிடும். அந்த ஃபோனுக்குப் பேரின்பநாதன் பயப்பட்ட அளவு கடவுளுக்குக்கூடப் பயந்ததில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் சாருஜா, இளையவன் பிரணவன். பெடியன் பக்கத்து நகரமான லவாலில் வீடு வாங்கி மனைவி சிவாஜினியோடு இருக்கிறான். நல்ல பெடியன், அவனைப் பற்றிக் கதையில்லை. கதை சாருஜாவைப் பற்றியது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளையில் அவர் உயிரையே வைத்திருந்தார். பனிக்காலத்தில் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார். அவள் குளிருக்கு அவருடைய காதுகளைப் பொத்திப் பிடித்துக்கொள்வாள். எட்டு வயதில் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் அவளே வாசித்துச் சொன்னாள். பத்து வயதில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் குரலை உயர்த்தியபோது, "என் அப்பாவோடு மரியாதையாகக் கதையுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னவளும் அவள்தான். வெளியே வந்ததும் பேரின்பநாதனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைதான் பிறகு கரீபியன் தீவான எய்ட்டியிலிருந்து வந்த வில்னேர் என்கிறவனை விரும்பினாள். பஸ் ஓட்டுகிறான். அமைதியான, நெட்டையான ஆள். நகரமண்டபத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. பேரின்பநாதன் போகவில்லை. மனைவி புஷ்பராணி கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வந்தாள். கோயிலுக்கா போனாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்கிற பயம்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. பிறகு புஷ்பராணிக்குப் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் இழுபட்டாள். சாருஜா வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டும் வேலை. அதை நாள் முழுக்கச் செய்துவிட்டு நேரே தாயிடம் வருவாள். வந்து அதே வேலையைத் தாய்க்கும் செய்வாள். முடி கொட்டிப்போய் மிச்சமிருந்த நாலு மயிரையும் எண்ணெய் தடவிச் சீப்பால் இழுத்துவிடுவாள். வயிற்றில் பிள்ளை தரித்த பிறகும் நிறுத்தவில்லை. தகப்பனும் மகளும் அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார்கள். முதலில் மருந்தைப் பற்றி, பிறகு சாப்பாட்டைப் பற்றி, பிறகு சாதாரணமாக.

வில்னேர் அவரை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போவான், இரவு திரும்பக் கொண்டுவந்து விடுவான். ஏழு மாதம், ஒரு நாள் தவறவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பிரெஞ்சு அரைகுறை. இருந்தாலும் காரில் இருவரும் பனியைத் திட்டுவார்கள், றோட்டுத் திருத்துகிறவர்களைத் திட்டுவார்கள். அவன் அவரைப் "பாப்பா" என்று, பிரெஞ்சில் அப்பா என்று, கூப்பிட்டான். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் அவர் எப்போதும் தெருமுனையில்தான் இறங்குவார். வாசல்வரை காரில் வந்தால் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பம் பார்த்துவிடும்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு விடியற்காலை புஷ்பராணி போய்ச் சேர்ந்தாள்.

நம்மவர்களுக்கு ஒரு செத்தவீடு என்றால் முதல் வேலை என்ன? மரண அறிவித்தல். உடம்பு ஆறுமுன்னம் அது இணையத்தில் வர வேண்டும். உலகம் முழுக்க அதைத்தான் முதலில் திறந்து பார்க்கிறது. இந்த ஊரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசைதான் குடும்பம். அதில் இருந்தால் இருக்கிறீர்கள், இல்லையென்றால் இல்லை.

மொன்றியலில் அதை எழுதிக் கொடுப்பவர் மகேந்திரராசா. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். முறை பிசகாமல் எழுதுவார். அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, கேள்விப்பட்டன். மனதைத் தளர விடாதேங்கோ. நோட்டீஸை உடன போட்டுவிடுவம். பிள்ளையள் சாருஜா, பிரணவன். மருமக்கள்? சிவாஜினி தெரியும். சாருஜாவின்ர அவற்ற பேர் என்ன அண்ணை?"

மகளின் பெயரைப் போட்டால் மருமகனின் பெயரையும் போட வேண்டும், அதுதான் முறை என்று பேரின்பநாதனுக்குத் தெரியும். அந்த வரிசையில் வில்னேர் என்கிற பெயர் கிடப்பதை நினைத்துப் பார்த்தார். ரொறன்ரோவில் மச்சாள் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பதும், லண்டனுக்கு ஃபோன் எடுப்பதும், லண்டன் பாரிஸுக்கு எடுப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அதை விடு மகேந்திரம்," என்றார்.

"எதை அண்ணை? மருமகனின்ர பேரையோ?"

"ரெண்டையும்."

"சரி அண்ணை," என்றார் மகேந்திரராசா.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏழு மாதம் தாயின் மலசலம் அள்ளிய பிள்ளையை ஒரே சொல்லில் துடைத்தெறிந்துவிட்டார். அந்த நேரத்தில் அவருக்கு மனம் உறுத்தவும் இல்லை, அதுதான் கொடுமை. ஒரு தொல்லை விட்டது என்று மூச்சுத்தான் விட்டார்.

மத்தியானம் பிரணவன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அப்பா, இதில அக்கான்ர பேர் எங்கை?"

"இடம் காணாமல் போட்டுதாம்."

இணையத்தில் இடம் போதாதாம்! பிரணவன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். செத்தவீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பிப் போய்விட்டான்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குச் சாருஜா வந்தாள். ஐந்து மாத வயிறு. பிள்ளைத்தாய்ச்சி செத்தவீட்டுக்கு வரலாமா என்று இரண்டொருவர் குசுகுசுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் வரிசையில் வந்து தாய்க்கு வாய்க்கரிசி போட்டாள். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் பேரின்பநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டே ஒண்டைப் பெத்தாலும் தங்கமான பெடியன் அண்ணை உங்களுக்கு. அதை நினைச்சு ஆறுங்கோ," என்றார். அறிவித்தலைப் படித்துவிட்டு வந்தவர், அவரில் என்ன பிழை?

பேரின்பநாதன், "ஓம்," என்றார்.

சாருஜா இரண்டடி தள்ளி நின்றாள். கையில் அரிசி ஒட்டியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. இவர் அதே ஆள்தானா என்று சரிபார்ப்பவள்போல அவரையே பார்த்தாள். பிறகு போய் வில்னேரின் காரில் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, அவரும் போகவில்லை.

ஓகஸ்டில் பிரணவன் ஃபோனில், "அக்காவுக்குப் பொம்பிளைப் பிள்ளை," என்றான். பெயர் என்ன என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அக்காவையே கேளுங்கோ என்று அவன் சொல்லிவிட்டால்? "சுகமோ?" என்று மட்டும் கேட்டார். "சுகம்," என்றான். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

இப்படியிருக்க, தை மாதம் மியூசியத்தில் ஒரு கண்காட்சி வந்தது. பழைய எகிப்தில் குடும்பங்கள் எப்படி இருந்தன என்பதைப் பற்றி. பேரின்பநாதனை இரண்டாவது அறையில் போட்டார்கள். தகப்பன்மாரும் பிள்ளைகளும் இருந்த அறை. சுற்றிக்காட்டும் பெண்ணின் பெயர் மரி-லூ. ஒரு நாளைக்கு நாலு தரம் அதே கதையைச் சொல்லுவாள், இவரும் நாலு தரம் நின்று கேட்பார். இரண்டு கிழமையில் அவளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு இவரே சொல்லியிருக்கலாம்.

முதலில் அவருக்கு அந்தச் சனத்தை நன்றாகப் பிடித்துப்போனது. அங்கே சிலைகளில் தகப்பன் நாற்காலியில் மலைபோல இருப்பார். பிள்ளைகள் அவருடைய முழங்காலளவுக்கு நிற்பார்கள். மகனுக்கு முப்பது வயதாகி அவனே பிள்ளை பெற்றிருந்தாலும் கல்லில் முழங்காலளவுதான். "சரியாத்தான் செய்திருக்கிறாங்கள்," என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். தகப்பன் செத்தால் மகன்தான் முன்நின்று அடக்கம் செய்ய வேண்டுமாம். தகப்பன் தன் வேலையையும் மகனுக்கே கற்றுக் கொடுப்பானாம். சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டாம். கேட்கக் கேட்க அளவெட்டியிலேயே நடந்த விசயம் மாதிரி இருந்தது.

அறையின் கோடியில் ஒரு கல் இருந்தது. செத்துப்போன ஒருவருக்காகச் செதுக்கியது. கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே பிள்ளைகள் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தலைக்கு மேலும் எழுத்து. மரி-லூ விரலை நீட்டி வாசிப்பாள்: அவருடைய மகன், அவருக்கு அன்பானவன், இன்னான். அவருடைய மகள், அவருக்கு அன்பானவள், இன்னாள். முதல் நாள் அதைக் கேட்டபோது பேரின்பநாதனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அட, இது நம்முடைய நோட்டீஸ் அல்லவா! அன்பு மகனும், அன்பு மகளும்! மகேந்திரராசாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தார்.

பிறகுதான் நாலாவது பிள்ளையைப் பார்த்தார். பெண்பிள்ளை. உருவம் அப்படியே நிற்கிறது. தலைக்கு மேல் எழுத்து இருந்த இடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உளியின் கொத்து ஒவ்வொன்றும் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தக் கோடியில் நிற்பதை அவர் விட்டுவிட்டார். கதவுப் பக்கமே நின்றார். மேற்பார்வையாளர் கேட்டபோது அங்கே குளிர்காற்று அடிக்கிறது என்று சொன்னார்.

மார்ச் மாதத்தில் மகேந்திரராசா மறுபடி ஃபோன் எடுத்தார். "அண்ணை, வருசம் ஒண்டாகுது, புஷ்பராணி அக்காவின்ர ஆட்டைத் திவசம் வருகுதெல்லே. நினைவஞ்சலி போடவேணும். போன முறை மாதிரியே போட்டுவிடவோ?"

போன முறை மாதிரியே! "பேந்து எடுக்கிறன் மகேந்திரம்," என்று பேரின்பநாதன் வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள். அந்த நேரத்திலும் பேந்து, பிறகு பார்ப்போம் என்றுதான் வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பத்து வயது இருக்கும். ஒரு பெண்பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினாள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை?

மரி-லூ விளக்கினாள். அந்தக் காலத்து ஆட்கள், பெயரை யாராவது வாசிக்கும்வரை செத்தவருக்கும் உயிர் இருக்கிறது என்று நம்பினார்கள். அதனால் ஒருவரை இல்லாமல் ஆக்க வேண்டுமென்றால் பெயரை வெட்டினால் போதும்.

"யார் வெட்டினது?"

"அது தெரியாது. எதிரியாக இருக்கலாம். பிறகு வந்த யாராவதாகவும் இருக்கலாம்." மரி-லூ சிரித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். "எங்கள் காவலாளி ஐயா நாள் முழுக்க இவர்களோடுதான் இருக்கிறார். அவரைக் கேட்போம். மிஸியே, யார் வெட்டியிருப்பார்கள்?"

இருபத்தைந்து பிள்ளைகளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்திருக்கலாம்.

"அப்பாவாக இருக்கும்," என்றார் பிரெஞ்சில்.

"அப்பாவா? ஏன்?" என்றாள் அந்தப் பிள்ளை.

"அவருக்கும் சொந்தக்காரர் இருந்திருப்பார்கள்."

மரி-லூ அதைப் பகிடி என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கேட்ட பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேரின்பநாதன் இடைவேளைக்கு முன்னமே கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். வெட்கம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் ஊருக்கு முன்னால் வெட்கப்படக்கூடாதே என்று ஓடித்திரிந்தார். இப்போது ஊர் இல்லை, ஒருவரும் இல்லை, பூட்டிய கதவுக்குள்ளே தன்னுடைய முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. எவ்வளவு கேவலமான வேலை செய்துவிட்டேன், பெற்ற பிள்ளைக்கு, என்று வாய்விட்டே சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு நினைவஞ்சலியைத் தன் கைப்படவே எழுதினார். சாருஜா, பிரணவன் ஆகியோரின் பாசமிகு தாயாரும், வில்னேர், சிவாஜினி ஆகியோரின் அன்பு மாமியாரும் என்று எழுதிக்கொண்டு வந்தவர் அடுத்த வரியில் நின்றார். பேத்தியின் பெயர் தெரியாது. ஏழு மாதப் பிள்ளை. வரிசையாகப் புள்ளி வைத்து, "இன் அன்பு அம்மம்மாவும்" என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மெற்றோ எடுத்துச் சாருஜா இருக்கும் செயின்ட்-மிஷேலுக்குப் போனார். ஐந்தே ஐந்து ஸ்டேஷன். பத்து நிமிடம்கூட எடுக்காது. பதினொரு மாதமாகப் போக முடியாமல் இருந்த தூரம் அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது வில்னேர். ஒரு கையில் குழந்தை. "பொன்ஜூர், மிஸியே," என்றான் மரியாதையாக. காரில் பாப்பா என்று கூப்பிட்ட வாய் இப்போது மிஸியே, ஐயா, என்றது. பேரின்பநாதன் அதைக் கவனித்தார், அது நியாயம் என்றும் பட்டது.

"வாங்கோ அப்பா," என்றாள் சாருஜா குசினியிலிருந்து. "சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, இப்பதான் நிலம் துடைச்சது, ஈரம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

கோபித்திருந்தால் பரவாயில்லை. யாரோ வீட்டுக்கு வந்த பெரியவரை உபசரிப்பதுபோல உபசரித்தாள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. கோட்டுப் பைக்குள்ளிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்மான்ர ஆட்டைத் திவசத்துக்கு. நீ ஒருக்கா வாசிச்சுப் பார், பிள்ளை."

அவள் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். தமிழ் வாசிக்கத் தாய்தான் சொல்லிக் கொடுத்தது. தன் பெயரில் விரல் கொஞ்சமும் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. புள்ளிகளில் வந்துதான் நின்றது.

"இதென்ன புள்ளி?"

"பிள்ளையின்ர பேர். எனக்குத் தெரியாது."

"பிரணவனைக் கேட்டிருக்கலாமே."

"வெக்கமா இருந்தது."

அவள் தலையை ஆட்டினாள். "மிரேய்," என்றாள் வில்னேரைக் காட்டி. "இவற்ற அம்மான்ர பேர்."

பேனாவை எடுத்துப் புள்ளிகளுக்கு மேல் மிரேய் என்று எழுதினார்.

"அப்பா," என்றாள் சாருஜா, "போன வருசம்தான் எல்லாரும் திறந்து பாத்தவை. ஆட்டைத் திவசத்து நோட்டீசை ஆர் வாசிக்கப்போயினம்? நான் போடவேண்டாம் எண்டு சொல்லேல்லை. போடுங்கோ. விட்டாலும் விடுங்கோ. எனக்கு இப்ப அது ஒண்டும் செய்யாது."

அந்த "ஒண்டும் செய்யாது"தான் அவரைக் கிளப்பியது. சட்டென்று ஃபோனை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். அறை முழுக்க மகேந்திரராசாவின் குரல் வந்தது.

"சொல்லுங்கோ அண்ணை."

"எழுது மகேந்திரம். பிள்ளையள், முதல் சாருஜா, பேந்து பிரணவன். மருமக்கள், வில்னேர், சிவாஜினி."

"வில்... என்ன அண்ணை?"

"வில்னேர்."

"அது ஆர்?"

"என்ர மருமகன்."

"எந்த ஊர்ப் பக்கம்?"

"எய்ட்டி."

வில்னேர் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணை, நான் எழுதுறன், அதில ஒண்டுமில்லை," என்று மகேந்திரராசா இழுத்தார். "ஆனா ஆக்கள் கேப்பினம். போன முறை ஏன் இல்லையெண்டும் கேப்பினம்."

"என்னட்டைக் கேக்கச் சொல்லு. பேரின்பநாதன் வெட்கங்கெட்ட வேலை செய்தவன், அதுதான் இல்லையெண்டு நீயும் சொல்லு. பேத்தியின்ர பேரையும் எழுது. மிரேய்."

ஃபோனை வைத்தார். முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், ஒரு வருடம் பிந்தி, தன் சொந்த மகளின் பெயரைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். "சொல்லிப்போட்டன், பிள்ளை," என்றார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தார்.

சாருஜா பிஸ்கட் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் என்ர பேரை விடுவியள் எண்டு. கடைசிக் கிழமை, நான் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தனான். 'நான் செத்தால் நோட்டீசில அப்பா உன்ர பேரைப் போடமாட்டார். ரொறன்ரோவுக்குப் பயந்து விட்டிடுவார். நீ அதைப் பெரிசாய் எடுக்காதை' எண்டவா."

பேரின்பநாதன் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார்.

"எனக்குக் கோவம் வந்திட்டுது, அப்பா. சாகக் கிடக்கிற மனிசியோட சண்டை பிடிச்சனான். அப்பா இப்ப அப்பிடி இல்லை எண்டனான். இவரோட காரில சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வாறவர் எண்டனான். என்ர அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் எண்டு சத்தம்போட்டனான். நேர்ஸ் வந்து எட்டிப் பாத்திட்டுப் போனவா. அம்மா ஒண்டும் சொல்லாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்கு நிற்கவில்லை.

"அடுத்த நாள் போகேக்கை அவவுக்கு நினைவு இல்லை," என்றாள் சாருஜா. "நானும் அம்மாவும் கடைசியாக் கதைச்சது அதுதான்."